பெட்டியில் லட்சம், பெற்றோர் எத்தனை?

ஆனேக்கல் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் நண்பர் ஒருவர் ஈ வளர்க்கிறார். வீட்டு ஈ அல்ல, கருப்புச் சிப்பாய் ஈ. தொழிலில் இருப்பவர்கள் பிஎஸ்எஃப் என்பார்கள். ஓட்டல் எச்சத்தையும் கல்யாண மண்டபத்து மிச்சத்தையும் வண்டியில் ஏற்றி வந்து தொட்டியில் கொட்டினால், இரண்டு வாரத்தில் புழு அதைத் தின்று தீர்த்துக் கொழுத்துவிடும். புழு கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் போகும். தொட்டியின் அடியில் தங்குவது உரமாகப் போகும். வாணியம்பாடியில் தோல் மண்டியில் வளர்ந்தவர் என்பதால் நாற்றம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

முதல் வருடம் அமோகம். இரண்டாம் வருட நடுவில் ஏதோ தட்டியது. முட்டை குறைந்தது. வழக்கமான நாளில் ஈயாக வேண்டிய கூட்டுப்புழு மூன்று வாரம் இழுத்தடித்தது. புழுவுக்குப் பழைய கனம் இல்லை. தீவனத்தை மாற்றினார், விளக்கை மாற்றினார், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டார், கடைசியில் வெயிலைத் திட்டினார். பெங்களூரில் இருந்துகொண்டு வெயிலைத் திட்டுவதற்கு இப்போது நியாயமும் இருக்கிறது, அதனால் நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெரியம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். ஓசூரில் பட்டு வித்தகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பட்டுப்புழு முட்டையைத் தயாரிக்கும் இடத்துக்குத்தான் வித்தகம் என்று பெயர். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கொட்டகையை ஒரு சுற்று வந்தார். ஈக்கூண்டின் முன்னால் நின்றார்.

“தம்பி, இதுல தாய் எத்தனை?”

“லட்சக்கணக்குல இருக்கும்மா.”

“நான் ஈயைக் கேக்கல. இந்த ஈயெல்லாம் எத்தனை தாய் போட்ட முட்டையில இருந்து வந்துச்சு?”

நண்பரிடம் பதில் இல்லை. முட்டையை அவர் கிராமில் நிறுக்கிறார். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் நிறுக்கிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பட்டுக்காரர்களின் கணக்கு வேறு. தேன்கனிக்கோட்டையிலோ தாளவாடியிலோ ஒரு விவசாயி ‘நூறு முட்டை வாங்கி வளர்த்தேன்’ என்றால் முட்டையின் எண்ணிக்கை நூறு என்று பொருளல்ல. நூறு தாய் அந்துப்பூச்சிகள் போட்ட முட்டை. ஒவ்வொரு தாயும் 400, 500 போட்டிருக்கும். அங்கே அளவையே தாய்தான். பூச்சி வளர்ப்பில் மரபு வளத்தை, அதாவது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டைப் பற்றிப் பேச வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டு அளவைகளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

கிராமைத் தாயாக மாற்றிப் பார்க்கலாம். இந்த ஈயின் ஒரு கிராம் முட்டையில் ஏறத்தாழ 35,000 முதல் 40,000 முட்டை இருக்கும். ஒரு பெண் ஈ ஒரே தவணையில் 500 முட்டை அளவில் போட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆக ஒரு கிராம் என்பது எழுபது, எண்பது தாய். இணையத்தில் இரண்டு கிராம் முட்டை வாங்கிப் பண்ணை தொடங்குகிறவர் வாங்குவது நூற்றைம்பது தாய்களின் பிள்ளைகளை. அந்தத் தாய்கள் ஒன்றுக்கொன்று அக்கா தங்கையா, அந்நியமா என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. விற்றவர் வேறொருவரிடம் இரண்டு கிராம் வாங்கித் தொடங்கியவராக இருக்கலாம். அவருக்கு விற்றவரும் அப்படியே. ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சல்லடை. முதலில் இருந்த வேறுபாட்டில் கொஞ்சம் ஒவ்வொரு முறையும் அடியில் தங்கிவிடும்.

தந்தைகளின் கதை இன்னும் மோசம். இந்த ஈ வெளிச்சம் பார்த்தால்தான் கூடும். காட்டில் ஆண்கள் வெளிச்சம் படும் இலைகளில் இடம்பிடித்துக் காத்திருக்கும். பெண் அங்கே வரும். கூண்டிலும் ஆண்கள் விளக்கடியில் குவிகின்றன. நல்ல இடம் சிலவற்றுக்குத்தான் கிடைக்கும். தொழிலில் அந்தக் கூண்டுக்கு ‘லவ் கேஜ்’ என்று பெயர். பெயர் வைத்தவர் உள்ளே நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் 1931இல் தந்தது. ஆண் தொகையையும் பெண் தொகையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் அந்தக் கூட்டத்தின் மெய்த்தொகை. மரபு வளத்தைப் பொறுத்தவரை அந்தக் கூட்டம் அவ்வளவு பேர் கொண்ட கூட்டம் போலத்தான் நடந்துகொள்ளும், தலை எத்தனை இருந்தாலும் சரி. ஆயிரம் பெண்ணும் பத்து ஆணும் பெற்றோரானால் மெய்த்தொகை ஆயிரத்துப் பத்து அல்ல, சுமார் 40. ஆயிரம் பெண்கள் இருந்தும் பத்து ஆண்கள் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடுகின்றன.

காலத்திலும் இதே கணக்குத்தான். ஒரு பண்ணையில் பத்துத் தலைமுறையில் ஒன்பதில் பத்தாயிரம் பெற்றோர் இருந்து, ஒரே ஒரு தலைமுறையில், மின்வெட்டோ எறும்போ வந்து, இருபது பெற்றோர் மட்டும் தப்பினால், பத்துத் தலைமுறைக்கும் சேர்த்து மெய்த்தொகை இருநூறைத் தொடாது. சராசரி பார்த்தால் ஒன்பதாயிரம் வரும். மரபு அந்தச் சராசரியைக் கணக்கில் எடுப்பதில்லை, சிறிய எண் நினைவில் நின்றுவிடும். நண்பரிடம் கேட்டேன், ‘அப்படி ஒரு தடவை ஏதாவது ஆச்சா?’ ஆகியிருந்தது. முதல் கோடையில் ஜெனரேட்டர் பழுதாகி ஈக்கூண்டு வெந்துபோனது. மிஞ்சியதை வைத்து மூன்று மாதத்தில் பழைய எடைக்குக் கொண்டுவந்துவிட்டார். எடை திரும்பியதும் அந்தச் சம்பவத்தை மறந்தும் விட்டார்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் வீட்டிலேயே இருக்கிறது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் பிறக்கும் பிள்ளையில், ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 6.25 சதவீதம். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் வீட்டுப் பிள்ளைக்கு 12.5 சதவீதம். 1980களில் பெங்களூரு, மைசூரு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டு எழுதிய பெரிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை என்று தெரிந்தது. இந்த எண்களோடு ஈயின் எண்களை ஒட்டிவைத்துப் பார்க்கலாம்.

இந்த வாய்ப்பை நெருக்கம் என்று வைத்துக்கொண்டால், மெய்த்தொகை 50 உள்ள கூட்டத்தில் தலைமுறைக்கு ஒரு சதவீதம் நெருக்கம் கூடும். இது மனிதர் என்றால் பொறுத்துக்கொள்ளக்கூடிய வேகம். ஒரு சதவீதம் கூட இருபத்தைந்து வருடம் ஆகும். கருப்புச் சிப்பாய் ஈக்கு முட்டையிலிருந்து முட்டைக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாள். வருடத்துக்கு எட்டுத் தலைமுறை. ஏழாவது தலைமுறையில், அதாவது ஒரு வருடம் நிறைவதற்குள், அந்தக் கூண்டில் உள்ள சராசரி ஈ அத்தை மகன் – மாமன் மகள் பிள்ளையைத் தாண்டிவிடுகிறது. பதின்மூன்றாவது தலைமுறையில் ஏறத்தாழ தாய்மாமன் – அக்கா மகள் கணக்கு. மூன்று வருடத்தில் இருபத்தைந்து தலைமுறையானால் 22 சதவீதம். கூடப்பிறந்தவர்களுக்குள் பிறந்த பிள்ளைக்கு 25. யாரும் யாரையும் தவறாகச் சேர்த்துவைக்கவில்லை. பெற்றோர் எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்டதற்கே இவ்வளவு.

நெருக்கம் கூடினால் என்ன ஆகும்? ஒவ்வோர் உயிரிலும் மறைந்து கிடக்கும் பழுதான மரபணுக்கள் உண்டு. நல்ல பிரதி ஒன்று கூட இருக்கும்வரை வெளியே தலைகாட்டாது. இரு பிரதியும் பழுதானதாக அமையும்போது முட்டை பொரியாது, ஆண் மலடாகும், புழு மெலியும், வளர்ச்சி தாறுமாறாகும். நண்பரின் கொட்டகையில் நடந்த எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். வேறு பல காரணங்களின் பட்டியலிலும் வரும் என்பதால்தான் இது பிடிபடுவதே இல்லை. நோய் என்றால் ஒரு நாளில் பாதி செத்துக் கண்ணுக்குத் தெரியும். இது மாதத்துக்கு ஒரு சதவீதமாகக் குறைகிறது. ஒவ்வொரு மாதமும் அதற்கென்று வேறொரு காரணம் கையில் கிடைத்துவிடுகிறது.

இந்த ஈயைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றால், ஆராய்ச்சியாளர்களும் அண்மையில்தான் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2020இல் தென்னாப்பிரிக்கக் குழு ஒன்று, வளர்ப்புக்குக் கொண்டுவந்த ஆரம்பத் தலைமுறைகளிலேயே மரபு வேறுபாடு சரிவதைக் காட்டியது. 2021இல் வந்த பெரிய ஆய்வு 57 நாடுகளிலிருந்து 150 கூட்டங்களை எடுத்து ஒப்பிட்டது. வேறுபாடு அதிகம் இருந்தது தென்னமெரிக்காவின் காட்டு ஈக்களில். இந்த ஈயின் தாய்மண் அமெரிக்கக் கண்டம்தான். உலகெங்கும் பண்ணைகளில் இருப்பவற்றில் பெரும்பகுதியோ வட அமெரிக்க மூலத்திலிருந்து வந்த வளர்ப்பு வழியின் வாரிசுகள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிரெய்க் ஷெப்பர்டும் அவரோடு இருந்தவர்களும் கூண்டுக்குள் இதை இடைவிடாமல் வளர்க்கும் முறையை 2002இல் எழுதிவைத்த பிறகு, முறையோடு ஈயும் ஊர் ஊராகப் போயிருக்கிறது. நம் ஊர்ப் பண்ணைகள் பத்துப் பேரிடம் பத்து விதமாக வாங்கினாலும், போய்ச் சேரும் பாட்டி ஒருத்தியாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

நெருக்கம் ஒரு பக்கம். அதைவிட நுட்பமான இன்னொன்று, யார் பெற்றோராகிறார்கள் என்பது. அதைப் பண்ணைக்காரர் தினமும் தீர்மானிக்கிறார், தீர்மானிக்கிறோம் என்று தெரியாமலே.

கொட்டகையில் நான் பார்த்தது இது. வாடிக்கையாளர் வண்டி வாசலில் நிற்கிறது. கொழுத்த புழுவை முதலில் சலித்து எடுத்து எடை போடுகிறார்கள். தொட்டியில் மிஞ்சியது, மெலிந்தது, தாமதமானது, விதைக்கு ஒதுங்குகிறது. நெல்லில் யாராவது கனமான மணியை விற்றுவிட்டுப் பதரை விதைப்பார்களா? கிராமத்து ஆள் யாரும் செய்யாததை ஈப்பண்ணை ஒவ்வொரு நாற்பது நாளைக்கும் ஒருமுறை செய்கிறது. சிலர் இதற்கு நேர்மாறாக, முதலில் ஈயாகிறவற்றை மட்டும் விதைக்கு எடுப்பார்கள். அது வேகமான ஆனால் சிறிய உடம்புக்குத் தேர்வு. எது சரி என்பதைவிட, இரண்டுமே தேர்வு என்பது தெரிய வேண்டும்.

கூண்டே ஒரு தேர்வாளர் என்பதற்குப் பூச்சியியலில் பழைய கதை ஒன்று இருக்கிறது. கால்நடையின் புண்ணில் முட்டையிட்டு உயிரோடு தின்னும் திருகுப்புழு ஈயை ஒழிக்க அமெரிக்கா அந்த ஈயையே ஆலையில் கோடிக்கணக்கில் வளர்த்தது. கதிர்வீச்சால் மலடாக்கி வானிலிருந்து கொட்டினார்கள். காட்டுப் பெண் மலட்டு ஆணோடு கூடினால் முட்டை வீண். பல வருடம் பிரமாதமாக வேலை செய்த திட்டம், 1972இல் டெக்சாஸில் சறுக்கியது. கால்நடைகள் பெருமளவில் தாக்கப்பட்டன. 1976இல் ஒரு குழு ஆலை ஈக்களைப் பரிசோதித்துச் சொன்னது: நிரந்தர வெப்பம், பறக்க இடமில்லாத நெரிசல், இதில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததில், பறக்கும் தசைக்கு எரிசக்தி கொடுக்கும் ஒரு நொதியின் வடிவமே ஆலைக் கூட்டத்தில் மாறிவிட்டது, விடிந்ததும் காட்டு ஆண் பறக்கக் கிளம்பும் நேரத்தில் ஆலை ஆண் எழுந்திருக்கவே இல்லை. இதை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருட வானிலைதான் காரணம் என்றவர்களும் உண்டு. ஆனால் ஆலைக் கூட்டத்தை அவ்வப்போது புதிய காட்டு ஈயால் மாற்றும் வழக்கம் திட்டத்தில் நிலைத்தது. ஆலை எண்ணிக்கைக்குக் கணக்கு வைத்திருந்தது, எண்ணிக்கை குறையவே இல்லை. குறைந்தது வேறு.

இனி பட்டுக்கு வருகிறேன். பெங்களூரில் இருந்துகொண்டு பூச்சி வளர்ப்பைப் பற்றி வெளிநாட்டு உதாரணமாகவே அடுக்குவது கொஞ்சம் வெட்கக்கேடு. சில்க் போர்டு என்றால் இந்த நகரத்தில் டிராஃபிக் என்று பொருள்; அந்தச் சந்திப்புக்குப் பெயர் கொடுத்த மத்தியப் பட்டு வாரியம் பக்கத்திலேயே இருப்பது சிக்னலில் நிற்பவர் நினைவில் இல்லை. பசவனகுடிப் பக்கம் டாடா சில்க் ஃபார்ம் என்று ஒரு பகுதி. அங்கே வீடு பார்க்கிறவர்கள் யாரும் பட்டைத் தேடிப் போவதில்லை. ஜாம்ஷெட்ஜி டாடா 1890களில் ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துப் பட்டுப்பண்ணை வைத்த இடம் அது. திப்புவின் காலத்தில் மைசூர் நாட்டில் வேரூன்றிய தொழிலுக்கு அந்தப் பண்ணை ஜப்பானிய முறையைக் காட்டிக் கொடுத்தது.

மைசூர் நாட்டிலேயே ஊறிய புழுவினத்துக்குப் பியூர் மைசூர் என்று பெயர். மஞ்சள் சாயல் கொண்ட சிறிய கூடு. ஒரு கூட்டில் இழை நானூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் கெட்டி உயிர். வெயிலையும் சுமாரான இலையையும் நோயையும் தாங்கும். ஜப்பான், சீன வழி வந்த வெள்ளைக் கூட்டு இனங்கள், பைவோல்டின் என்பார்கள், ஆயிரம் மீட்டர் இழை தரும். கொஞ்சம் வெப்பம் ஏறினால் படுத்துவிடும். 1906இல் ஜப்பானின் தோயாமா கமெதாரோ, மெண்டலின் விதிகள் பட்டுப்புழுவிலும் செல்லும் என்று காட்டி, இரு இனத்தைச் சேர்த்தால் முதல் தலைமுறை பெற்றோர் இருவரையும் மிஞ்சுகிறது என்றும் சொன்னார். உலகத்தில் கலப்பு வீரியத்தை வியாபாரத்துக்குக் கொண்டுவந்த முதல் தொழில்களில் பட்டும் ஒன்று. மக்காச்சோளத்துக்கு முன்பே. இன்று ராமநகரச் சந்தையில் குவியும் மஞ்சள் கூடுகளில் பெரும்பகுதி பியூர் மைசூர் தாய்க்கும் பைவோல்டின் தந்தைக்கும் பிறந்தவை. வெள்ளைக் கூட்டுக்கு, 1990களில் மைசூரு ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய உதவியோடு உருவாக்கிய சிஎஸ்ஆர் இனங்களும் அவற்றின் பின்வந்தவையும்.

இதில் கவனிக்க வேண்டியது, பட்டுக்காரர்கள் நெருக்கத்தைக் கண்டு பயந்து ஓடவில்லை. அதைக் கருவியாக்கினார்கள். தாய் இனங்களைத் தனித்தனிப் பாத்தியில் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் நெருக்கம் அதிகம்தான். கடைசிப் படியில் இரண்டையும் கலக்கும்போது ஒன்றின் பழுதை மற்றதன் நல்ல பிரதி மூடிவிடுகிறது. மூலவித்து பி4, அதிலிருந்து பி3, பி2, பி1 என்று நான்கு படி. பி1 கூட்டிலிருந்து வரும் அந்துகளைச் சேர்த்துத்தான் விவசாயிக்குப் போகும் கலப்பு முட்டை. விவசாயி கூட்டை நூற்பவருக்கு விற்றுவிட வேண்டும். அதிலிருந்து அவரே அந்து எடுத்து முட்டை வைத்தால் அடுத்த அறுவடையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று சிதறும். பியூர் மைசூர் விதைக்கூட்டுக்கு மாகடி, குணிகல் பக்கம் என்று பகுதியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். முட்டைத் தயாரிப்பைப் பதிவு செய்து கண்காணிக்க 2006இல் மத்தியப் பட்டு வாரியச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

பெரியம்மாவின் வேலை இந்தச் சங்கிலியின் நடுவில். கூட்டை அறுத்துக் கூட்டுப்புழுவின் வயிற்றடிக் குறியைப் பார்த்து ஆண், பெண் பிரிப்பது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில். இந்தப் பக்கம் ஓர் இனத்தின் பெண், அந்தப் பக்கம் மற்ற இனத்தின் ஆண். மூன்று நான்கு மணி நேரம் இணையவிட்டுப் பிரித்து, பெண்ணைத் தாளில் ஒரு சிறு வளையத்துக்குள் அடைத்தால், அந்த வளையத்துக்குள் முட்டை போடும். ஒரு வளையம், ஒரு தாய். முட்டை போட்டு முடித்த தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெப்ரின் நோயின் வித்து தெரிந்தால் அவள் போட்ட முட்டை மட்டும் எரிப்புக்குப் போகும். 1860களில் பிரான்சின் பட்டுத் தொழில் இந்த நோயில் சாகக் கிடந்தபோது லூயி பாஸ்டர் வகுத்துக் கொடுத்த முறை இது. நோய் தாயிலிருந்து முட்டைக்குப் போகிறது, ஆகவே தாயைத் தனியாக வை.

பாஸ்டர் மரபு வளத்தைப் பற்றி நினைத்திருக்க வாய்ப்பில்லை. அப்போது அப்படி ஒரு துறையே இல்லை. ஆனால் நோய்க்காகத் தாயைத் தனித்தனியாக வைத்த கணத்தில் இன்னொன்றும் கூடவே கிடைத்துவிட்டது: யார் பிள்ளை யார் என்ற கணக்கு. மேல்படியில் ஒவ்வொரு தாயின் புழுவும் தனித்தட்டில் வளரும். ஒரே தட்டின் ஆணையும் பெண்ணையும் சேர்க்கமாட்டார்கள். ‘பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ணுவாங்களா?’ என்பது பெரியம்மாவின் விளக்கம். பட்டுத் தொழிலின் மரபு மேலாண்மை, நோயைத் துரத்தப் போய்த் தற்செயலாகக் கையில் கிடைத்த பொருள் என்றே எனக்குப் படுகிறது.

ஓசூரில் 1991இலிருந்து மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் இயங்குகிறது. நானூறுக்கு மேற்பட்ட பட்டுப்புழு வழிகளை, அதாவது வம்சங்களை, உயிரோடு காக்கிறார்கள். உயிரோடு என்பதுதான் சிரமம். நெல்விதையைக் குளிர்பெட்டியில் பல்லாண்டு போட்டு வைக்கலாம். பைவோல்டின் முட்டையைக் குளிரில் மாதக்கணக்கில் உறங்கவைத்து வருடத்துக்கு ஓரிரு முறை வளர்த்தால் போதும். பியூர் மைசூர் போன்ற பலசந்ததி இனத்தின் முட்டைக்கு உறக்கமே கிடையாது; பத்து நாளில் பொரித்துவிடும், வருடம் முழுக்க விடாமல் வளர்க்க வேண்டும். வளர்க்கும் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் இழப்பு. ஈயும் இந்த இரண்டாம் சாதிதான். அதன் முட்டை நாலே நாளில் பொரியும்.

நம்பிக்கை தரும் எண் ஒன்றும் பட்டில் இருக்கிறது. 2009இல் வளர்ப்புப் புழு 29, காட்டுப்புழு 11 என்று நாற்பது வழிகளின் மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். ஐயாயிரம் வருடம் போல மனிதன் கையில் வளர்ந்து, பறக்க மறந்து, இலையை ஊட்டாவிட்டால் செத்துப்போகும் இந்தப் பூச்சியில், காட்டினத்தின் வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்னும் இருக்கிறது. தொடக்கத்தில் சீனத்தில் பிடித்து வளர்த்தது ஒருவர் இருவர் அல்ல, ஏராளமான கூட்டிலிருந்து என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள். அடித்தளம் அகலமாக இருந்தால் ஐயாயிரம் வருடமும் தாங்கும்.

தேனீயைப் பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் பெங்களூரு மொட்டைமாடிகளில் இப்போது பெட்டி வைக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தேனீயில் நெருக்கத்தின் தண்டனை உடனடி. ஆணா பெண்ணா என்பதை ஒரு மரபணுவே தீர்மானிக்கிறது. 2003இல் அதை அடையாளம் கண்டார்கள். அதன் இரு பிரதியும் வேறுவேறாக இருந்தால் பெண். கருவுறாத முட்டையில் ஒரே பிரதி, அது ஆண். கருவுற்ற முட்டையில் இரண்டும் ஒன்றாகவே அமைந்தால் அதுவும் ஆணாக வரப் பார்க்கும், ஆனால் உதவாத ஆண். வேலைக்காரத் தேனீக்கள் அதைப் புழுவிலேயே தின்றுவிடும். ராணி தன் பிரதியையே கொண்ட ஒரே ஆணோடு மட்டும் கூடினால் அடையில் பாதி அறை காலி. அடையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் சல்லடை போலத் தெரியும். மார்த்தாண்டத்தில் பரம்பரையாகப் பெட்டி வைப்பவர்களுக்கு இந்த அடை பழக்கம். மரபணுப் பெயர் தெரியாது, ராணியை மாற்ற வேண்டும் என்பது தெரியும். இயற்கை இதற்கு வழியும் வைத்திருக்கிறது. ராணி வெளியே வானத்தில் பறந்து பத்து, இருபது ஆண்களோடு கூடும். நீங்கள் வைத்திருக்கும் நான்கு பெட்டியும் ஒரே பெட்டியைப் பிரித்ததாக இருந்தாலும், லால்பாக் மரப்பொந்துக் கூட்டத்து ஆண்கள் வந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும். ஆகவே தேனீ வளர்ப்பவரின் மரபு வளம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு வைரஸ் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனபோது, பிறகு தொழிலைத் திரும்பத் தொடங்க விதை கிடைத்ததும் காட்டிலும் பொந்திலும் தப்பியவற்றிலிருந்துதான். ஈக்கூண்டுக்கு அப்படி ஒரு வெளி கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிறு தொடக்கம் என்றாலே அழிவு என்று நினைத்துவிடக் கூடாது. எதிர் உதாரணம் நம் சேலத்திலேயே இருக்கிறது. மரவள்ளியை மாவுப்பூச்சி தாக்கியபோது, ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்து, 2022இல் சேலம் பக்கம் விடச் செய்தது. பெனின் குளவியின் பூர்வீகம் பராகுவே. 1981இல் அங்கே கண்டெடுத்தவற்றின் வாரிசுதான் ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி மரவள்ளியைக் காத்தது. எத்தனை சல்லடை தாண்டி வந்த கூட்டம்! ஆனாலும் வேலை செய்தது. ஒரு காரணம், குளவிகளில் ஆணுக்கு ஒரே பிரதிதான். பழுதை மூட இன்னொரு பிரதி இல்லாததால் பழுதான ஆண் ஒவ்வொரு தலைமுறையிலும் அப்படியே உதிர்ந்துவிடும். கூட்டம் தன்னைத் தானே களையெடுத்துக்கொண்டே வருகிறது. கரும்பு விவசாயிக்குத் தெரிந்த டிரைக்கோகிரம்மா அட்டையில் இருக்கும் குளவியில் அண்ணன் தங்கை கூடுவது சாதாரணம். தேனீயும் அதே ஒற்றைப்பிரதி வகைதான். ஆனால் பால் தீர்மானிக்கும் அந்த ஒரு மரபணுவால் மாட்டிக்கொள்கிறது. எந்தப் பூச்சிக்கு எந்தக் கணக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஈ நம்மைப் போல. ஆணுக்கும் இரண்டு பிரதி, பழுது மறைந்தே பயணம் செய்யும்.

நண்பர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இப்போ என்ன பண்றது? அவர் மனதில் இருந்த யோசனை, வீட்டு உரத்தொட்டியில் தானாக வந்து முட்டையிடும் காட்டு ஈயைப் பிடித்துக் கூண்டில் விடுவது. பெங்களூரில் சமையலறைக் கழிவை மொட்டைமாடியில் மக்க வைக்கும் வீட்டுக்காரர்கள் ‘புழு வந்துடுச்சு’ என்று அலறுவது பெரும்பாலும் இந்த ஈயின் புழுவைப் பார்த்துத்தான். புது ரத்தம் என்ற வகையில் யோசனை சரி. ஆனால் காட்டு ஈ நெரிசலான கூண்டில் லேசில் கூடாது. கூடுகிற சிலவற்றின் வாரிசுதான் உள்ளே நிற்கும், ஆக அங்கேயும் ஒரு சல்லடை. வெளியிலிருந்து நோயும் வரலாம். 2009ஐ ஒட்டிய வருடங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே ஒரு டென்சோவைரஸ் சிள்வண்டுப் பண்ணைகளைக் காலி செய்தது. ஆகவே புதிய கூட்டத்தைத் தனிக் கொட்டகையில் இரண்டு மூன்று தலைமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பழைய கூட்டத்தை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்குவதுதான் மோசமான வழி. கூண்டுக்குப் பழகிய குணம் அதில் இருக்கிறது.

அதைவிட எளிதானதைப் பெரியம்மா சொன்னார். ஒரே கூண்டை ஆறாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குலதெய்வம் வை. ஒரே குலதெய்வத்துக்காரர் பெண் எடுக்கக் கூடாது. முதல் கூண்டின் ஆண் இரண்டாவதற்குப் போகட்டும், இரண்டாவதன் ஆண் மூன்றாவதற்கு, ஆறாவதன் ஆண் முதலாவதற்கு. சுழற்சிக் கலப்பு என்று கால்நடைக்காரர்கள் செய்வதும் இதுதான். நடைமுறையில் ஈயின் கூட்டுப்புழுவைப் பார்த்து ஆண் பெண் பிரிப்பது பட்டைப் போல எளிதல்ல. ஆகவே ஆணுக்குப் பதிலாக, ஒவ்வொரு தலைமுறையிலும் பத்தில் ஒரு பங்கு கூட்டுப்புழுவை அடுத்த கூண்டுக்கு மாற்றுவது என்று முடிவானது. ஒரு கூண்டு நலிந்தால் மற்ற ஐந்தும் காப்பு. விதைக்கான கூட்டத்தை விற்பனைக் கூட்டத்திலிருந்து பிரித்து, கொஞ்சம் குளிர்ந்த மூலையில் மெதுவாக வளர்த்தால் வருடத்துக்கு எட்டுத் தலைமுறை ஆறாகக் குறையும். இழப்பும் அந்த அளவுக்குக் குறையும். முட்டைப் பலகையை ஒரே நாளில் அள்ளாமல், முதல் நாள், நடுநாள், கடைசி நாள் என்று மூன்றிலும் கொஞ்சம் விதைக்கு எடுக்க வேண்டும். சலிக்கும் முன்பே விதைப்புழுவைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி ஒதுக்கிவிட வேண்டும், வாசலில் எந்த வண்டி நின்றாலும்.

பணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆறு கூண்டு, ஒரு நோட்டு. சிரமம் நோட்டில்தான். வேலைக்கு இருக்கும் பையன் தமிழில் எழுதுகிறான், நண்பர் கன்னடத்தில் தேதி போடுகிறார், தர்மபுரியிலிருந்து வந்த அக்கா எழுதுவதே இல்லை, கேட்டால் மனப்பாடமாகச் சொல்கிறார். மூன்றில் அவர் கணக்குத்தான் நம்பகமானது என்று தோன்றுகிறது. முனீஸ்வரன், அங்காளம்மன், ஐயனார், மதுரைவீரன், பச்சையம்மன், கருப்பசாமி என்று ஆறு கூண்டிலும் சாக்பீஸில் பெயர் எழுதியாகிவிட்டது.

போன மாதம் போயிருந்தேன். முட்டை கூடியிருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு தலைமுறைதான் ஆகியிருக்கிறது, இப்போது கேட்டால் என்ன சொல்வது என்றார். பச்சையம்மன் கூண்டின் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறந்ததில் எறும்பு ஏறி மொத்தத்தையும் தின்றுவிட்டது. ஐந்தை வைத்துச் சுழற்சி எப்படி வரும் என்று நோட்டின் பின்னட்டையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.